பெரிய மானிட்டர் வாங்குகிறீர்களா? அங்குலத்தை மட்டும் பார்க்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடியே செம்பனைத் தோட்டக் குத்தகையாளர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒரு பக்கம் எடைச் சீட்டு, இன்னொரு பக்கம் சம்பளப் பட்டியல். 14 அங்குல மடிக்கணினியில் இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்தே பாதி நாள் போய்விடும். 27 அங்குல மானிட்டர் வந்தபிறகு இரண்டும் அருகருகே நிற்கின்றன. எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

ஆனால் அளவைவிட முக்கியம், திரையில் படத்தை உருவாக்கும் புள்ளிகளின் (பிக்சல்) எண்ணிக்கை. உங்கள் பழைய திரை 1920×1080 (அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள்) என்றால், அதே 1920×1080-இல் 27 அங்குலம் வாங்கினால் எழுத்துதான் பெரிதாகும். கூடுதலாக ஒரு வரிகூடத் தெரியாது. 2560×1440 எடுத்தால் முக்கால் பங்குக்கும் மேல் இடம் கூடும். பார்வை மங்கிய பெரியவர்களுக்கு முதல் வகையே வசதி.

4கே (3840×2160 புள்ளிகள்) வேண்டுமென்றால், மடிக்கணினியில் மானிட்டர் கம்பியைச் செருகும் எச்டிஎம்ஐ துளை எந்தப் பதிப்பு என்று கடையில் கேளுங்கள். 1.4 என்றால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான் வரும், அதாவது படம் நொடிக்கு 30 முறைதான் மாறும், மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகரும்.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். உயரம் போதாவிட்டால் அடியில் ஏ4 தாள் கட்டு ஒன்றை வையுங்கள், போதும். அப்புறம், சாயங்காலம் இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கோடு எச்டிஎம்ஐ கம்பியையும் கழற்றிவிடுங்கள்.