வாடையில் ஓடும்போது கண் கலங்குகிறதா? நாம் செய்கிற சில தவறுகள்

மார்கழி, தை இரண்டும் கிருஷ்ணகிரியில் ஓடுவதற்கு அருமையான மாதங்கள். வியர்வை குறைவு, மூச்சு சீக்கிரம் இரைக்காது. கண்தான் சொன்ன பேச்சு கேட்காது. ஊரிலிருந்து கே.ஆர்.பி. அணைப் பக்கம் ஓடும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. திரும்பி ஊரைப் பார்த்து ஓடத் தொடங்கியதும் பொலபொலவென்று கொட்டும். களைப்பு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அணை ஊருக்குத் தென்மேற்கே இருக்கிறது. இந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது முதுகைத் தள்ளிய வாடை, வரும்போது முகத்தில் அறைகிறது. விஷயம் அவ்வளவுதான்.

கண்ணில் நீர் கூடிவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. உண்மையில் கண் காய்ந்துபோகிறது. கருவிழியின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அது ஆவியாகாமல் காக்க மேலே எண்ணெய்ப் பூச்சு, விழியில் ஒட்டி நிற்க அடியில் வழவழப்பான ஒரு பூச்சு. குளிர்காற்று இந்தப் படலத்தைக் காயவைத்துக் குளிரச் செய்ததும், கருவிழியில் உள்ள நரம்பு முனைகள் மூளைக்குச் சொல்ல, கண்ணீர்ச் சுரப்பி மொத்தமாகத் திறந்துவிடுகிறது. வடிவதற்கு இருப்பதோ மூக்கோரமாக மேலிமையில் ஒன்று, கீழிமையில் ஒன்று என்று ஊசிமுனை அளவுத் துளைகள். அவை மூக்குக்குள் போய்ச் சேரும். கண் கலங்கினால் மூக்கும் ஒழுகுவது இதனால்தான். மதகு தாங்காத ஏரி கோடி போவதைப் போல மிச்சம் கன்னத்தில் வழிகிறது.

ஆகவே துடைத்துத் துடைத்து மாளாது. அதிலும் கையால் தேய்ப்பது மோசம். கிரானைட் லாரிகள் ஓடும் சாலைகளில் விரலிலும் சட்டைக் கையிலும் நைசான கல்தூசி இருக்கும். கருவிழியில் கீறல் விழ அது போதும். கைக்குட்டையால் கன்னத்தை மட்டும் ஒற்றிக்கொண்டு, நான்கைந்து முறை இமையை முழுதாக மூடித் திறங்கள். இமை மூடும்போதுதான் எண்ணெய் விழி முழுக்கப் பரவும்.

அடுத்தது, ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே நடக்கும் தவறு. மைதானத்துக்கு ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பைக்கில் வருகிறோம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், 15 கிலோமீட்டர் எதிர்காற்றில் ஓடினால் கண்ணில் படுவது 25. பைக்கிலோ காற்றே இல்லாவிட்டாலும் 50. போதாததற்கு எழுந்ததும் அரை மணி நேரம் போன். நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்கிற நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. ஓடத் தொடங்கும்போதே கண் பாதி காய்ந்திருக்கிறது.

கண்ணாடி நல்ல தடுப்பு, சரியானதை வாங்கினால். போலீஸ் தேர்வுக்காக 1500 மீட்டர் பழகும் தம்பிகள் சிலர் விடியும் முன்பே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கிறேன். இருட்டில் பள்ளம் தெரியாது தம்பி! நிறமில்லாத கண்ணாடி போதும். தட்டையாக இருக்கக் கூடாது, பக்கவாட்டில் வளைந்து காதுப் பக்கப் பொட்டுவரை மூட வேண்டும். இல்லாவிட்டால் காற்று ஓரமாக நுழைந்து உள்ளேயே சுழலும். மூக்கை மஃப்ளரால் இறுக்கிக் கட்டினால் மூச்சின் ஆவி மேலே ஏறிக் கண்ணாடி மங்கும். மூக்கைத் திறந்து விடுங்கள். முன்பக்கம் நீண்ட தொப்பியும் உதவும், தலையைக் கொஞ்சம் தாழ்த்தி ஓடினால்.

சொட்டு மருந்து விஷயத்தில் நானே ஏமாந்தவன். கண் சிவந்திருந்தது; கடையில் கேட்டேன்; சிவப்பைப் போக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். பத்தே நிமிடத்தில் கண் பளிச்சென்று ஆனது. இரண்டு வாரத்தில் அது இல்லாவிட்டால் முன்பைவிட அதிகமாகச் சிவந்தது. அந்த வகை மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறதே ஒழிய வறட்சியைத் தொடுவதில்லை. இன்னும் ஆபத்தானது ஸ்டீராய்டு கலந்தது. மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரையும் வரலாம். நமக்கு வேண்டியது கண்ணை ஈரமாக வைக்கும் சாதாரணச் சொட்டு. லேபிளில் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்பதுபோல இருக்கும். ஓடுவதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பு ஒரு சொட்டு. ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பதனப்பொருள் (பிரிசர்வேட்டிவ்) இல்லாத வகையைக் கேளுங்கள். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். பாட்டி மேல் மரியாதை இருக்கட்டும், ஆனால் கிருமி பாட்டியைப் பார்த்து ஒதுங்காது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவவும் கூடாது.

தை பிறந்து மாந்தோப்புகள் பூக்கும் நாட்களில் இன்னொரு குழப்பம் வரும். நீரோடு அரிப்பும் தும்மலும் சேர்ந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். காற்றைத் தடுத்தால் மட்டும் தீராது.

காற்றால் வருவது பொதுவாக இரண்டு கண்ணிலும் வரும், வீட்டுக்குள் நுழைந்த சில நிமிடங்களில் நிற்கும். வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல், பீளை, மூக்கோர வீக்கம் இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். ஓடாத நாளிலும் ஒரு கண் மட்டும் வழிந்துகொண்டே இருந்தால் வடிகால் அடைத்திருக்கலாம். அதைப் பார்க்க இமையோரத் துளையில் உப்புநீரை மெல்லச் செலுத்துவார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம்.