பெரியவர்களுக்கான வேதபாடத் திட்டம்: தேர்ந்தெடுப்பதில் சபைகள் தவறும் இடங்கள்

பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு தொடங்கலாம் என்று சபையில் முடிவானதும், யாராவது ஒருவர் ஒரு புத்தகத்தைப் பரிந்துரைப்பார். எழுதியவர் பேர்பெற்ற பிரசங்கியார், தலைப்பும் ஈர்ப்பாக இருக்கும். உடனே மொத்தமாக வாங்கிவிடுவார்கள். சில வாரங்களில் வருகை பாதியாகும். அப்போது மக்களுக்கு வசனத்தில் வாஞ்சை இல்லை என்று பழி அவர்கள் மேல் விழும். பல நேரங்களில் பிழை மக்களிடம் இல்லை, பாடத்திட்டத்தில் இருக்கிறது.

முதல் தவறு, எழுதியவரின் பெயரைப் பார்த்து வாங்குவது. நன்றாகப் பிரசங்கிப்பவருக்கு நல்ல கேள்வி எழுத வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பிரசங்கத்தில் ஒருவர் பேசப் பலர் கேட்கிறார்கள். வேதபாடத்தில் எல்லோரும் ஒரே பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு சேர்ந்து தேடுகிறார்கள். பிரசங்கங்களை அப்படியே அச்சிட்டு, ஒவ்வொன்றின் கடைசியிலும் நாலு கேள்வி ஒட்டிய புத்தகங்கள் ஏராளம். அவற்றை வீட்டில் வாசிக்கலாம், வகுப்புக்கு உதவாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு, மாதிரிப் பாடத்தின் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். பத்தில் ஆறேழுக்குப் பதில் வந்துவிட்டால் அந்தப் பாடத்தை விட்டுவிடலாம். நெடுநாள் விசுவாசிகளுக்கு "ஜெபிக்க வேண்டும்", "விசுவாசிக்க வேண்டும்", "கீழ்ப்படிய வேண்டும்" என்ற மூன்று பதில்களும் நாக்கின் நுனியில் இருக்கும். வசனத்தைப் பாராமலே அந்த மூன்றையும் சொல்லிக் கடந்துவிட இடம் தரும் கேள்வி யாருக்கும் எதையும் கற்றுத்தராது. மாதிரிக்கு முதல் பாடத்தை எடுக்காதீர்கள், அது எப்போதும் நன்றாகச் செதுக்கப்பட்டிருக்கும். நடுவிலிருந்து ஒன்றையும், அந்த நூலின் கடினமான பகுதிக்குரிய ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்.

பிலிப்பி சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதத்திலிருந்து பிலிப்பியர் 2:1-11ஐ எடுத்துக்கொள்வோம். "கிறிஸ்தவன் தாழ்மையாக இருக்க வேண்டுமா?" என்பது வீண் கேள்வி, யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. "6 முதல் 8 வரையுள்ள வசனங்களில் கிறிஸ்து செய்தவற்றை வரிசையாகச் சொல்லுங்கள்" என்பது கண்ணைப் பக்கத்துக்குக் கொண்டுவரும். "அந்த வரிசை 3, 4 வசனங்களில் பவுல் கேட்பதோடு எப்படிப் பொருந்துகிறது?" என்றால் சிந்தனை தொடங்கும். இன்னும் நல்ல பாடம் 4:2-க்குக் கூட்டிப்போகும். அங்கே எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்களிடம் ஒருமனப்படும்படி பவுல் பெயர் சொல்லியே கேட்கிறார். இரண்டாம் அதிகாரத்தின் உயர்ந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு சபையின் மனஸ்தாபமும் இருந்திருக்கலாம் என்று தெரியும்போது, வாழ்க்கைக்குப் பொருத்தும் கேள்வியைத் தனியாகக் கேட்கவே தேவையிராது. கவனிக்க, பொருள் காண, வாழ்வில் பொருத்த என்று மூவகைக் கேள்வியும் இந்த வரிசையில் வர வேண்டும். பல புத்தகங்கள் நடுவில் உள்ளதை விழுங்கிவிட்டு, வாசித்ததும் "உங்கள் வாழ்வில் எப்படி?" என்று தாவுகின்றன. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் கேள்விகளோ பெரியவர்களைப் பள்ளிப் பெஞ்சில் உட்கார வைப்பவை. ஒரு பாடத்தில் இரண்டுக்கு மேல் இருந்தால் யோசியுங்கள்.

அடுத்தது, தலைப்பு வாரியான பாடங்களை மட்டுமே எடுப்பது. கவலை, குடும்பம், பணம், கடைசிக் காலம் எல்லாம் தேவைதான். ஆனால் ஒரு பாடத்துக்குள் பன்னிரண்டு இடங்களிலிருந்து ஒவ்வொரு வசனமாகப் பிடுங்கிவந்தால் எந்த வசனத்துக்கும் முன்பின் தெரியாது. எரேமியா 29:11 ("தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வாக்குத்தத்தம்) கவலையைப் பற்றிய பாடங்களில் தவறாமல் வரும். அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷத்தைச் சொல்கிறது என்பதும், அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் என்பதும் பாடத்தில் இராது. அதைக் கேட்டவர்களில் பலர் திரும்பிவரும் நாளைப் பார்க்காமலே இறந்திருப்பார்கள் என்று வகுப்பு உணர்ந்தால், அந்த வாக்குத்தத்தம் இன்னும் கனமாக நிற்கும். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13க்கும் இதே கதி. 11, 12 வசனங்களை விட்டுவிட்டால், பசியிலும் நிறைவிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றவரின் வார்த்தை போட்டியில் ஜெயிக்கும் மந்திரமாகிவிடும். தலைப்புப் பாடம் எடுத்தால், ஒரு பாடத்துக்கு அதிகபட்சம் இரண்டு மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

நூல் வாரியான பாடங்களிலும் ஒரு சறுக்கல் உண்டு. நிருபங்களையே, அதாவது பவுலும் மற்றவர்களும் எழுதிய கடிதங்களையே, சுற்றிச் சுற்றி வருவது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 21 நிருபங்கள் என்பதாலும், அவற்றைப் பகுதி பிரிப்பது எளிது என்பதாலும் பாடத்திட்டங்கள் அங்கே குவிகின்றன. தீர்க்கதரிசன நூல்களைத் தொடாமலே பல ஆண்டுகள் ஓடிவிடும். கடந்த மூன்று ஆண்டுகளில் பிரசங்கத்திலும் வகுப்பிலும் எடுத்த நூல்களை ஒரு தாளில் எழுதுங்கள். எது இல்லை என்று அந்தத் தாளே சொல்லும். "என்ன படிக்க ஆசை?" என்று கருத்துக் கேட்பதைவிட இது உருப்படியானது, தெரியாத ஒன்றை யாரும் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. எடுக்கும்போது அதிகாரக் கணக்கும் முக்கியம். மாற்கு 16 அதிகாரம், நான்கு மாதத்தில் முடியும். ஆதியாகமம் 50, ஏசாயா 66. வாரம் ஒன்று என்று போனால் ஏசாயா ஓராண்டையும் தாண்டும். நீண்ட நூல்களுக்குத் தேர்ந்த பகுதிகளை வைத்து 12 அல்லது 13 வாரத்தில் முடிக்கும் பாடமே நல்லது. முடிவு தெரியாத வகுப்பில் புதியவர்கள் சேரத் தயங்குவார்கள்.

நேரக் கணக்கு போடாமல் வாங்குவதுதான் அதிகம் அடி கொடுக்கும் தவறு. ஒரு மணி நேர வகுப்பில் வருகை, ஜெபம், பாட்டு பத்து நிமிடம், பகுதியை வாசிக்க ஐந்து, முடிவில் ஜெபக் குறிப்புகளுக்குப் பத்து. மிஞ்சுவது 35. பத்துப் பேர் உள்ள குழுவில் திறந்த கேள்வி ஒன்று ஐந்தாறு நிமிடம் தின்னும். ஆக ஆறு கேள்வி. பாடத்திலோ பதினைந்து இருக்கும். நடத்துபவர் ஓட ஆரம்பிப்பார், பேச வாய் திறந்தவர் மூடிக்கொள்வார். வீடியோப் பாடமானால் இன்னும் இறுக்கம். 25 நிமிடக் காட்சி போனால் பேசப் பத்து நிமிடம்தான். வீடியோ தேவையானால் பத்து நிமிடத்துக்கு மிகாததாக இருக்கட்டும். சபையில் திரையிடவும் பக்கங்களை நகலெடுக்கவும் வெளியீட்டாளர் அனுமதிக்கிறாரா என்பதை வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

வீட்டுப்பாடத்துக்கும் இதே கணக்குதான். வாரம் ஐந்து நாள், தினம் 20 நிமிடம் என்றால் 100 நிமிடம். வேலையும் குடும்பமும் உள்ளவர் இரண்டு வாரம் செய்வார். மூன்றாம் வாரம் வெறும் பக்கத்தோடு வர வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். முன்னதாகப் படிக்காமல் வந்தவரும் பகுதியை அங்கேயே வாசித்துக் கலந்துகொள்ள முடிகிற பாடமாகப் பாருங்கள். எழுத்தின் அளவையும் கவனியுங்கள். முதியோர் அதைச் சொல்ல மாட்டார்கள், புத்தகத்தைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

மொழிபெயர்த்த பாடமானால், அது எந்தத் தமிழ் வேதாகமத்தை வைத்து எழுதப்பட்டது என்று பாருங்கள். ஒன்றில் ஆதியாகமம், இன்னொன்றில் தொடக்கநூல் என்று நூற்பெயரே மாறும். "இந்த வசனத்தில் இரண்டு முறை வரும் சொல் எது?" என்ற கேள்வி, கையில் வேறு பதிப்பு இருப்பவருக்குப் பதிலற்ற கேள்வி.

உபதேசச் சரிபார்ப்பில், பின்னட்டையிலுள்ள விசுவாச அறிக்கையை வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். திரித்துவம், சிலுவை, உயிர்த்தெழுதல் பற்றிப் பெரும்பாலான வெளியீட்டாளர்கள் ஒன்றுபோலவே எழுதுவார்கள். வேறுபாடு பகுதிகளில்தான் தெரியும். ஞானஸ்நானத்துக்கு அப்போஸ்தலர் 2:38, ஆவியின் வரங்களுக்கு 1 கொரிந்தியர் 12 முதல் 14, தேவன் மனிதரைத் தெரிந்துகொள்ளுதலுக்கு ரோமர் 9, விசுவாசத்திலிருந்து விழுந்துபோவதைப் பற்றி எபிரெயர் 6:4-6, கிறிஸ்துவின் ஆயிரம் வருஷ ஆட்சிக்கு வெளிப்படுத்தின விசேஷம் 20. இந்தப் பகுதிகளைத் தொடும் பக்கங்களைப் போதகர் முதலில் வாசிக்கட்டும். சபையின் போதனையோடு ஓர் இடத்தில் உரசுகிறது என்பதற்காக முழுதையும் ஒதுக்க வேண்டியதில்லை. உரசல் எங்கே என்று நடத்துபவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

நடத்துபவர் கையேடு இல்லாத பாடத்தைத் தன்னார்வலர் தலையில் கட்டாதீர்கள். கையேட்டில் விடைகள் மட்டும் இருந்தாலும் போதாது. அந்த விடை ஏன் சரி, வகுப்பில் எழக்கூடிய எதிர்க்கேள்வி என்ன, நேரம் போதாவிட்டால் எதை விடலாம் என்ற மூன்றும் வேண்டும். தயாரிக்க வாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டால், இருவர் மாறி மாறி நடத்தும் ஏற்பாட்டோடுதான் தொடங்க வேண்டும்.

கடைசியாக, ஆண்டு முழுவதற்கும் ஒரேயடியாக வாங்காதீர்கள். ஒரு குழுவில் நான்கு வாரம் நடத்திப் பாருங்கள். பிறகு "பிடித்திருந்ததா?" என்று கேட்க வேண்டாம், நடத்துபவர் முகத்துக்காகப் பிடித்தது என்றே சொல்வார்கள். போன வாரப் பகுதி எது, அதில் முன்பு கவனிக்காத எதைக் கண்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். பாதிப் பேருக்காவது பதில் வந்தால் மீதிப் பிரதிகளை வாங்கலாம். வராவிட்டால், அதே குழுவில் அதே பகுதியை வேறொரு பாடத்தோடு இன்னும் இரண்டு வாரம் நடத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.