ரீஜன் ஃப்ரீ டிவிடி பிளேயர் வாங்கும் முன்

அமெரிக்காவில் வாங்கிய டிவிடி நம் ஊர் பிளேயரில் ஓடாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கடையில் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்.

அது ரீஜன் எண், அதாவது டிஸ்க் உலகின் எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்று காட்டும் எண். உறையின் பின்புறம் சின்ன உலக உருண்டைப் படத்துக்குள் அச்சிட்டிருக்கும். 1 அமெரிக்கா, கனடா, 2 ஐரோப்பா, ஜப்பான், 3 தென்கிழக்காசியா, 4 ஆஸ்திரேலியா, லத்தீன் அமெரிக்கா, 5 இந்தியா, இலங்கை, ரஷ்யா, 6 சீனா. ‘0’ அல்லது ‘ஆல்’ என்றிருந்தால் ரீஜன் தடை இல்லை.

மற்றது டிவி முறை. ரீஜன் 0 டிஸ்க்கும் இதில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி: 480 வரி, நொடிக்குச் சுமார் 30 ஃபிரேம். இந்தியாவும் பிரிட்டனும் பிஏஎல்: 576 வரி, 25 ஃபிரேம். ஜப்பானும் பிரிட்டனும் ஒரே ரீஜன்தான், முறை மட்டும் வேறு. இங்குள்ள டிவிகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். வட அமெரிக்க டிவிகள் பல பிஏஎல்-இன் 50 ஹெர்ட்ஸ் சிக்னலை ஏற்காது. டொரொன்டோவில் இருக்கும் உறவினருக்கு வாங்கினால், பெட்டியில் ‘மல்டி ரீஜன்’ (பல ரீஜன் டிஸ்க்குகளும் ஓடும்) என்றிருப்பது மட்டும் போதாது. பிஏஎல்–என்டிஎஸ்சி கன்வர்ஷன் உண்டா என்று பாருங்கள். டிவி இரண்டையும் ஏற்குமானால் செட்டப் மெனுவில் ‘ஆட்டோ’ அல்லது ‘மல்டி’ வையுங்கள். தேவையில்லாமல் கன்வர்ட் செய்தால் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகள் விட்டுவிட்டு ஓடும்.

ரீஜனை ரிமோட்டில் கையாலும் மாற்ற முடிகிற மாடலே நல்லது. 2000 வாக்கில் அமெரிக்க டிஸ்க்குகள் சிலவற்றில் வந்த ஆர்சிஇ என்ற கூடுதல் பூட்டு, பிளேயர் 0-வில் (எல்லா ரீஜனையும் ஏற்கும் அமைப்பில்) இருப்பதைக் கண்டுபிடித்துவிடும்; உலக வரைபடத்தோடு ஒரு எச்சரிக்கை மட்டும் திரையில் நிற்கும். பிளேயரை 1-க்கு மாற்றி மறுபடி போட்டால் படம் ஓடும். சாதாரண பிளேயர் பலவற்றையும் ரிமோட் கோடு கொடுத்துத் திறக்கலாம். கோடு மாடலுக்கு மாடல் வேறு, ஆகவே முழு மாடல் எண்ணைக் கொண்டே தேடுங்கள்.

கடையிலேயே சோதிக்க ஒரு அமெரிக்க டிஸ்க்கும் ஒரு பிரிட்டிஷ் டிஸ்க்கும் எடுத்துச் செல்லுங்கள். ‘ராங் ரீஜன்’ என்று வந்தால் ரீஜன் பூட்டு திறக்கவில்லை. படம் கறுப்பு வெள்ளையாகவோ மேலும் கீழும் உருண்டுகொண்டோ வந்தால் டிவி முறை பொருந்தவில்லை.

பின்பக்க லேபிளில் 100–240 வோல்ட் என்று இருக்க வேண்டும். 120 வோல்ட் மட்டும் என்றால் இங்கே நேரடியாகச் செருகாதீர்கள், பவர் சப்ளை எரிந்துவிடும்.

ப்ளூ-ரே பிளேயரில் டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் ரீஜன் பூட்டுகள் தனித்தனியாக இருக்கும். ‘டிவிடி மல்டி ரீஜன்’ என்று விற்கும் பல மாடல்களில் ப்ளூ-ரேயின் ஏ, பி, சி ரீஜன் பூட்டு அப்படியே இருக்கும். இந்தியா சி, அமெரிக்கா ஏ. கணினியின் டிவிடி டிரைவில் ரீஜனை 5 தடவைதான் மாற்றலாம், கடைசியாக வைத்தது அப்படியே நிலைத்துவிடும்.