பிள்ளைக்குத் துடுப்பு வாங்கப் போறீங்களா?

வடக்கின் பெரும் போர் என்கிற பள்ளிக்கூடக் கிரிக்கெட் ஆட்டம் நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் பாதிப் பெடியளுக்குப் புதுத் துடுப்பு வேணும். கடையில் முதலில் கண் போறது ஸ்டிக்கரில்தான். அதை விடுங்கோ. கோலியின் துடுப்பில் பெயர் போட்ட எம்.ஆர்.எஃப் அடிப்படையில் ஒரு டயர் கம்பெனி.

பார்க்க வேண்டியது பாரம். வலக்கை ஆட்டக்காரன் என்றால் இடக்கையால் மட்டும் பிடித்து, துடுப்பைப் பின்னுக்குத் தூக்கி நேரே கொண்டுவரச் சொல்லுங்கோ. மணிக்கட்டு ஆடி, துடுப்பின் முகம் ஒரு பக்கம் திரும்பினால் அது அவனுக்குப் பாரம் கூட. "வளர வளரச் சரிவரும்" என்று ஒரு அளவு பெரிசாய் வாங்கிற எங்கட பழக்கம் சப்பாத்தோடு நிற்கட்டும்.

மென்பந்துக்குக் காஷ்மீர் வில்லோ மரத்தில் செய்த துடுப்பு தாராளம். கடினப் பந்துக்கு, கையில் காசிருந்தால், இங்கிலிஷ் வில்லோ: மரம் மென்மை, பந்து நல்லாத் தெறிக்கும், விலையும் அப்படித்தான். வாங்கின உடனே மைதானத்துக்குக் கொண்டுபோகாதேங்கோ. ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாய்ப் பூசி, மரச்சுத்தியலால் முகத்தையும் விளிம்பையும் பொறுமையாய்த் தட்டிப் பதப்படுத்த வேணும். பிடி செருகின இடத்தில் எண்ணெய் படக்கூடாது. தகரக் கூரைச் சூட்டில் வைத்தால் மரம் காய்ந்து வெடிக்கும்.