சாதனங்களுடன் முகவரி வெளியைப் பகிர்தல்: கெர்னல் இடைமுகத்தை வடிவமைக்கும் முறை

ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) கையாளும் பாயிண்டரையே, அதாவது நினைவக முகவரியையே, வன்பொருள் முடுக்கியும் (சிபியுவின் வேலையைப் பகிரும் சாதனம்) அப்படியே பயன்படுத்த முடிந்தால், தரவை இடையில் நகலெடுக்கும் வேலையும் ஒவ்வொரு பஃபரையும் முன்கூட்டிப் பதிவுசெய்யும் வேலையும் மிச்சமாகும். இந்த வசதியைத் திறந்துவிடும் அழைப்பைச் சில வரிகளில் எழுதிவிடலாம். சாதனத்துக்கும் புராசஸின் முகவரி வெளிக்கும் (அது காணும் நினைவக முகவரிகளின் தொகுப்பு) இடையிலான பிணைப்பை அவிழ்ப்பதில்தான் சிரமம் முழுவதும் இருக்கிறது. ஆகவே இடைமுகத்தை அவிழ்ப்பிலிருந்தே வடிவமைக்கத் தொடங்குங்கள். இங்கே லினக்ஸ் கெர்னலை முன்வைத்து அதை விளக்குகிறேன்.

முதலில், உண்மையான பகிர்வு தேவையா என்று முடிவுசெய்ய வேண்டும். சில பெரிய பஃபர்களை மட்டும் நீண்ட நேரம் தொடும் சாதனத்துக்கு, பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகளை) நினைவகத்தில் பூட்டி வைப்பதே போதும். பூட்டிய அளவைப் புராசஸின் நினைவக வரம்பில் கணக்கிட மறக்காதீர்கள். சாதனத்துக்கென்று தனிப் பக்க அட்டவணை (நிரலின் முகவரியை நிஜ நினைவக இடத்தோடு இணைக்கும் பட்டியல்) இருந்தால், சிபியுவின் அட்டவணையைப் பிரதியெடுத்து ஒத்திசைவில் வைத்திருக்கும் எச்எம்எம் முறை பொருந்தும். ஐஓஎம்எம்யு (சாதனங்களின் நினைவக அணுகலுக்கு முகவரியை மாற்றித்தரும் வன்பொருள்) சிபியுவின் பக்க அட்டவணையையே நேரடியாக நடந்து படிக்கும் எஸ்விஏ முறைக்கு, பொதுவாகச் சாதனம் முகவரி மாற்றத்தையும், நினைவகத்தில் இல்லாத பக்கத்தையும் (பக்கக் கோரிக்கை) தானே கேட்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். இம்மூன்றையும் ஒரே ஐஓசிடிஎல்லுக்குள் (சாதனத்துக்கு ஆணையிட நிரல் செய்யும் கெர்னல் அழைப்பு) கொடிகளால் பிரித்து வைப்பது கவர்ச்சியாகத் தோன்றும், ஆனால் இவற்றின் ஆயுட்கால விதிகள் வேறுவேறு என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. இனி வருவது பெரும்பாலும் எஸ்விஏ பற்றியது.

ஒவ்வொரு முகவரி வெளிக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் 20 பிட் அடையாள எண் ஒன்று உண்டு. அதைப் பாசிட் என்பார்கள். இந்த எண்ணைப் பயனர் நிரலிடமிருந்து ஒருபோதும் உள்ளீடாக வாங்காதீர்கள். பிறருடைய எண்ணை எழுதி அனுப்பும் நிரல் பிறருடைய நினைவகத்தையே அடைந்துவிடும். இன்டெல்லின் என்கியூசிஎம்டி கட்டளை, கெர்னல் அமைத்த பதிவகத்திலிருந்து சிபியுவே இந்த எண்ணை எடுத்துச் சேர்க்கும்படி அமைந்திருப்பது இதனால்தான். அத்தகைய ஏற்பாடு இல்லாத வன்பொருளில், வேலை வரிசையைப் பிணைக்கும்போதே கெர்னல் அந்த எண்ணை வரிசையின் அமைப்பில் எழுதிவிட வேண்டும்.

ஆயுட்காலத்தில் மூன்று பொருட்கள் சிக்கிக்கொள்கின்றன: திறந்த கோப்பு, முகவரி வெளி, சாதனத்தின் வரிசை. ஃபோர்க் (புராசஸ் தன்னைப் பிரதியெடுத்தல்) மூலம் பிறந்த பிள்ளைப் புராசஸ் கோப்பைப் பெற்றுக்கொள்ளும், ஆனால் அதன் முகவரி வெளி வேறு. எக்ஸெக் செய்து வேறு நிரலை ஏற்றினாலும் பழைய முகவரி வெளி போய்விடும், கோப்பு திறந்தே இருக்கலாம். எனவே பிணைப்பின்போது இருந்த முகவரி வெளியைக் கோப்பில் குறித்துவைத்து, பின்னால் வரும் ஒவ்வொரு அழைப்பிலும் அழைப்பவருடையதோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் மறுத்துவிடுங்கள். குறித்துவைப்பது எவ்வகைக் குறிப்பு (பொருளை அழியாமல் காக்கும் பிடி) என்பதும் முக்கியம். முகவரி வெளியை உயிரோடு வைத்திருக்கும் குறிப்பைக் கோப்பு பிடித்துக்கொண்டு, அதே கோப்பைப் புராசஸ் தன் வெளிக்குள் எம்மேப் செய்து இணைத்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எப்போதும் விடுபடா. அமைப்புக் கட்டகத்தை மட்டும் காக்கும் எளிய குறிப்பை வைத்துக்கொண்டு, தேவைப்படும் கணத்தில் மட்டும் உயிர்க்குறிப்பை முயன்று பெறுங்கள்.

அவிழ்க்கும் வரிசையை மாற்றவே கூடாது. முதலில் புதிய வேலைகள் நுழைவதை நிறுத்தி, அந்தப் பாசிட் எண்ணில் நடந்துகொண்டிருக்கும் எல்லா டிஎம்ஏவும் (சாதனம் நேரடியாக நினைவகத்தைப் படித்தெழுதுவது) முடியும்வரை சாதனத்தை அமைதிப்படுத்துங்கள். பிறகு நிலுவையில் உள்ள பக்கக் கோரிக்கைகளை வடித்து, முகவரி மாற்றங்களை வைத்திருக்கும் மொழிபெயர்ப்புத் தற்காலிகச் சேமிப்புகளை (டிஎல்பி) காலிசெய்து, கடைசியாகத்தான் எண்ணை விடுவிக்க வேண்டும். எண் முன்னதாகவே மறுபயன்பாட்டுக்குப் போனால், தாமதமாக வரும் கோரிக்கை வேறொருவருடைய வெளியில் இறங்கும். 2022-இல் வெளியான லினக்ஸ் 5.18 முதல், ஒதுக்கிய எண் கடைசிப் பிணைப்பு நீங்கியதும் திரும்பிவிடாமல், முகவரி வெளி அழியும்வரை அதனுடனேயே தங்குகிறது. பிணைப்புகளை எண்ணிக்கை வைத்து எண்ணைப் பிடித்து, பிறகு விடுவிக்கும் பழைய முறையைவிட இது மிக எளிது.

புராசஸ் எம்அன்மேப் செய்து நினைவகப் பகுதியை விடும்போது, பக்கம் வேறொருவருக்குப் போவதற்கு முன்பே சாதனத்தின் டிஎல்பியிலிருந்து அதன் சுவடு நீங்கியாக வேண்டும். இதை எம்எம்யு நோட்டிஃபையர் என்ற கெர்னல் வசதி அறிவிக்கும். அந்த அறிவிப்பு, நினைவகத்தை மீட்கும் பாதையிலிருந்தே வரக்கூடும் என்பதால், அதைக் கையாளும் குறியீட்டில் மீட்புக்காகக் காத்திருக்கும் நினைவக ஒதுக்கீடு செய்யாதீர்கள். அத்தகைய ஒதுக்கீடு செய்யும் வேறு பாதை பிடித்திருக்கும் பூட்டுக்கும் காத்திருக்காதீர்கள். டிஎல்பியைக் காலிசெய்யும் அழைப்பு ஸ்பின் பூட்டின் (காத்திருப்பவர் உறங்காமல் சுழன்றுகொண்டிருக்கும் பூட்டு) கீழும் வரும். அங்கே உறங்கவே கூடாது.

பக்கப் பிழையைத் தீர்க்க முடியாதபோது என்ன நடக்கும் என்பதையும் இடைமுகம் சொல்லியாக வேண்டும். இன்டெல்லின் டிஎஸ்ஏ முடுக்கி, பிழைக்காகக் காத்திருக்கச் சொல்லாத வேலையை அங்கேயே நிறுத்தி, எவ்வளவு முடிந்தது, எந்த முகவரியில் தடுக்கியது என்பவற்றை நிறைவுப் பதிவில் எழுதுகிறது. நிரல் அந்தப் பக்கத்தைத் தொட்டுவிட்டு மீதியை மறுபடி அனுப்பலாம். சிக்னல் அனுப்பிப் புராசஸைக் கொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஐஓசிடிஎல் கட்டகத்தில் முதல் உறுப்பாக அளவை வையுங்கள், பாயிண்டர்களை 64 பிட் எண்களாக எடுத்துச் செல்லுங்கள், அறியாத கொடி ஏதேனும் இருந்தால் பிழை திருப்புங்கள். 2023-இல் லினக்ஸ் 6.2-உடன் வந்த ஐஓஎம்எம்யுஎஃப்டி இடைமுகம் இதே வழக்கத்தைப் பின்பற்றுகிறது.

வெளியே செருகக்கூடிய, நம்பத்தகாத சாதனத்துக்கு இந்த வழியைத் திறக்காதீர்கள். தானே மொழிபெயர்த்த முகவரி என்று சாதனம் சொல்வதை ஐஓஎம்எம்யு பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். அதனாலேயே லினக்ஸ் அத்தகையவற்றுக்கு ஏடிஎஸ் (முகவரி மாற்றத்தைச் சாதனமே கேட்டு வைத்துக்கொள்ளும்) வசதியை இயக்குவதில்லை.

சோதனைகளில் சாதாரண ஓட்டத்தைவிடக் குறுக்கீடுகளுக்கே அதிக இடம் கொடுங்கள்: டிஎம்ஏ நடக்கும்போதே சிக்கில் (புராசஸை உடனே கொல்லும் சிக்னல்) அனுப்புவது, ஒரு திரெட் எம்அன்மேப் செய்ய இன்னொன்று வேலை சமர்ப்பிப்பது, பிள்ளைப் புராசஸ் பெற்ற கோப்பில் பிணைக்க முயல்வது. கெர்னலைக் கேசன் (நினைவகப் பிழைகளைக் காட்டும் கருவி), லாக்டெப் (பூட்டுப் பிழைகளைக் காட்டும் கருவி) ஆகிய இரண்டையும் இயக்கியே தொகுத்து, இவற்றை மணிக்கணக்கில் ஓடவிடுங்கள்.