சூப்பர்நோவா எந்த வகை? முதலில் பென்சிலை எடுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால், கடல் ஈரத்தில் பாதி வானம் பால் ஊற்றின மாதிரி இருக்கும். அதனால் நான் தொலைநோக்கி வைத்துக்கொள்ளவில்லை. புதிய சூப்பர்நோவாக்களின் (வெடிக்கும் விண்மீன்களின்) நிறமாலைகள், அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற பதிவுகள், டிரான்சியன்ட் நேம் சர்வர் தளத்தில் கிடைக்கின்றன. ஒன்றை இறக்கி, வரைபடமாக்கி, ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் எடுத்துக்கொள்வேன். முதல் தடவை கடைத் தம்பி கேட்டார்: "யாருக்கு சார் ஈ.சி.ஜி.?"

தாள் கைக்கு வந்ததும் மேடு பள்ளம் தேடக் கிளம்பாதீர்கள். முதல் வேலை, அது வெடித்த கேலக்ஸியின் செம்பெயர்ச்சி, அதாவது அங்கிருந்து வரும் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 6563 ஆங்ஸ்ட்ராமில் (அலைநீளத்தின் அலகு) இருக்க வேண்டியது. கேலக்ஸி வாயுவிலிருந்து வரும் அந்தக் கோடு ஊசிபோல 6760-இல் நின்றால், 6760-ஐ 6563-ஆல் வகுங்கள்: 1.03. ஒன்றுக்கு மேலுள்ள 0.03தான் செம்பெயர்ச்சி. தாளிலுள்ள எல்லா அலைநீளத்தையும் இந்த எண்ணால் வகுத்துவிட்டுத்தான் மற்றது. 6870, 7600 பக்கம் தெரியும் பள்ளங்கள் நம் காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்வது. வகுப்பதற்கு முன்பே பென்சிலால் அடித்துவிடுங்கள்.

இதைச் செய்யாமல் நான் ஒரு முறை ஏமாந்தேன். 6335-இல் அகலமான பள்ளம். நொடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நம்மை நோக்கிப் பாயும் ஹைட்ரஜன், ஆகவே டைப் 2 என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. செம்பெயர்ச்சி 0.03 என்று அப்புறம்தான் பார்த்தேன். வகுத்தால் 6150. அது சிலிக்கானின் 6355 கோடு நீலப் பக்கம் (குறைந்த அலைநீளத்துக்கு) நகர்ந்தது, டைப் 1ஏ! கனமான விண்மீனின் சாவு என்று நான் எழுதியது, உண்மையில் ஒரு வெண்குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன், வெடித்தது.

சரி, இப்போது தாளைப் பாருங்கள். 6563-இல் அகன்ற மேடும் அதன் நீலப் பக்கத்தில் பள்ளமும் இருந்தால் டைப் 2. ஹைட்ரஜன் இல்லை, 6150-இல் ஆழமான பள்ளம், 5300-க்கும் 5450-க்கும் அருகே கந்தகத்தின் இரட்டைப் பள்ளம் என்றால் 1ஏ. அந்த இரட்டைதான் எனக்குச் சாட்சி. சிலிக்கானை மட்டும் நம்ப மாட்டேன். சிலிக்கானும் பலமாக இல்லையா? ஹீலியத்தைத் தேடுங்கள்: 5876, 6678, 7065. மூன்றும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர்ந்திருந்தால் 1பி. 5876 மட்டும் தெரிந்தால் அவசரப்படாதீர்கள், பக்கத்திலேயே 5890-இல் சோடியம் உட்கார்ந்திருக்கிறது. ஹீலியமும் இல்லையென்றால் 1சி.

வெடித்து எத்தனை நாள் என்பதையும் தாள் ஓரத்தில் குறியுங்கள். 1993-இல் எம்81 கேலக்ஸியில் வெடித்தது முதலில் ஹைட்ரஜனைக் காட்டியது, சில வாரங்களில் ஹீலியம் மேலே வந்தது. அதைத்தான் 2பி என்கிறார்கள். 2023 மே மாதம் எம்101-இல் வெடித்ததன் முதல் நாட்களில் ஒடுக்கமான கோடுகள். அவை நீடித்திருந்தால் 2என் என்று எழுதியிருக்கலாம். ஒரு வாரத்தில் மறைந்துவிட்டன. மிக இளம் நிறமாலை வெறும் நீலச் சரிவாக இருந்தால் எதையும் எழுதாமல் அடுத்ததற்குக் காத்திருங்கள்.

ஸ்னிட் மாதிரி, வகை தெரிந்த நிறமாலைகளோடு ஒப்பிடும் மென்பொருளை இதற்கெல்லாம் பிறகுதான் திறப்பேன். அது சொல்லும் பெயரும் என் பென்சில் குறியும் ஒத்துப்போகாவிட்டால், செம்பெயர்ச்சியிலிருந்து திரும்பவும் கணக்குப் போடுவேன். அப்போதும் ஒட்டவில்லையென்றால் நோட்டில் "1பி?" என்று கேள்விக்குறியோடு விட்டுவிடுவேன்.