சென்னையில் கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு பிடிக்க

டூ-லெட் போர்டில் போட்டிருக்கும் வாடகை வேறு, மாதா மாதம் கையை விட்டுப் போகும் பணம் வேறு. வாடகையோடு மெயின்டனன்ஸ், கரண்ட், தண்ணீர், போக்குவரத்து நான்கையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் ஒரு வீடு மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

ஏமாற்றுவதில் கரண்டுக்குத்தான் முதலிடம். வீட்டுக்கென்று தனி இ.பி. இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 300 யூனிட் ஓடினாலும் பில் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. ஓனர் தன் இணைப்பிலிருந்தே கரண்ட் கொடுத்து, அதை அளக்கத் தனியாக ஒரு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினால் அதே 300 யூனிட்டுக்கு 3,000. மாதக் கணக்கில் ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம். அதனால் தனி மீட்டர் உள்ள 12,000 ரூபாய் வீடு, சப்-மீட்டர் வைத்த 11,000 ரூபாய் வீட்டைவிட மலிவாக முடியலாம். வீடு பார்க்கும்போதே மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஏரியாவை ரயில் பாதையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். நுங்கம்பாக்கத்தில் வேலை என்றால் தி.நகரில் தேடி அலைய வேண்டாம். அதே பாதையில் குரோம்பேட்டை, தாம்பரம், பட்ஜெட் இன்னும் குறைவென்றால் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. சென்ட்ரல் பக்கம் வேலையா, வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி. சீசன் டிக்கெட் செலவு சொற்பம்தான். ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீடு நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். தினம் இருமுறை ஷேர் ஆட்டோ ஏறினால் மிச்சம் பிடித்த வாடகை அதில் கரைந்துவிடும்.

ஆன்லைனில் பார்ப்பதை வாடகை நிலவரம் தெரிந்துகொள்ளும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேரில் பார்க்கும் முன் டோக்கன் அட்வான்ஸ், கேட் பாஸ் என்று எந்தப் பெயரில் ஜிபே பண்ணச் சொன்னாலும் அது மோசடி. உண்மையில் குறைந்த வாடகை வீடுகள் பலவும் ஆன்லைனுக்கு வருவதே இல்லை. ஞாயிறு காலை தெருத்தெருவாக நடந்து போர்டு பாருங்கள். இஸ்திரி வண்டிக்காரர், அண்ணாச்சி கடை, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மூவரிடமும் நம்பர் கொடுத்து வையுங்கள். எந்த வீடு அடுத்த மாதம் காலியாகிறது என்பது போர்டு மாட்டும் முன்பே இவர்களுக்குத் தெரியும். புரோக்கர் வழியே போனால் வழக்கமாக ஒரு மாத வாடகை கமிஷன். முதலிலேயே பேசி, அக்ரிமென்ட் போட்ட பிறகு கொடுங்கள்.

பள்ளி திறப்பை ஒட்டிய மே, ஜூனில் கிராக்கி அதிகம், பேரம் எடுபடாது. ஆடி மாதத்தில் பெரும்பாலானோர் வீடு மாற மாட்டார்கள், காலி வீடு காலியாகவே கிடக்கும். அப்போது கேட்டால் குறைக்கும் ஓனர்கள் உண்டு. ஆடியிலேயே பேசி முடித்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக்கொள்ளலாம்.

ஒரே வீட்டை இரண்டு முறை பாருங்கள். காலை 7 மணிக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரத்து தெரியும். குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர் தண்ணீர் கடுமையான உப்பு. குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்க வேண்டியிருக்கும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவை எப்படிப் பங்கிடுவது என்றும் கேளுங்கள். இரவு 8 மணிக்குப் போய், மொட்டை மாடிக்கு நேர்கீழ் வீடானால் சுவரில் கை வைத்துப் பாருங்கள். அப்போதும் சுட்டால் கோடையில் ஃபேன் போட்டுத் தூங்க முடியாது. சுவரின் அடியில் முழங்கால் அளவுக்குச் சுண்ணாம்பு பொரிந்திருந்தால் ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்), புது பெயின்ட் அதை ஒரு மழை வரைதான் மறைக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடு மலிவாகக் கிடைத்தால், 2015, 2023 வெள்ளங்களில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் பத்து மாதம் என்பது பழைய வழக்கம். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் கூடுதலாக வாங்க அதே சட்டம் இடம் தருவதால், இதைச் சொல்லிப் பேரம்தான் பேச முடியும். ஐந்துக்கு இறங்கினாலும் லாபமே. மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து ஒத்திக்குப் போகிறவர்கள், சொத்தின் மேல் கடன் இருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பது கட்டாயம். வீடு வங்கிக் கடனில் இருந்தால் உங்கள் லட்சங்கள் மாட்டிக்கொள்ளும்.

அக்ரிமென்டில் அட்வான்ஸ் தொகை, காலி செய்ய நோட்டீஸ் காலம், ஆண்டுக்கு எவ்வளவு வாடகை ஏற்றம், பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்ற நான்கும் எண்ணாக இருக்கட்டும். சண்டை வருவது பெரும்பாலும் பெயின்டிங்கில்தான். எழுதாமல் விட்டால் ஒரு மாத வாடகையை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் சொல்லுங்கள்.

சாவி வாங்கும் நாளில், சாமான் இறக்கும் முன், அறை அறையாக வீடியோ எடுங்கள்: சுவர் விரிசல், உடைந்த டைல்ஸ், ஒழுகும் குழாய் எல்லாம். மீட்டர் ரீடிங்கையும் படம் எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முந்தைய குடித்தனக்காரரின் கரண்ட் பாக்கி உங்கள் தலையில் விழாமல் இருக்க அது ஆதாரம்.